மாறும் பரீட்சையும் மாறாத விடைத்தாளும்

கடந்த வாரம் யாழ்ப்பாணத்திலிருந்து பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பத்திரிகைக் காலத்திலிருந்தே என் எழுத்துகளை வாசித்து வருபவர். வாசித்து முடித்ததும் அழைத்துத் திட்டுவதற்கும் தவறாதவர். இம்முறை அவருடைய கோபம் என்மீது அல்ல. அவருடைய மகன் முகிற்கணிமைச் சான்றிதழ்ப் பரீட்சை ஒன்றில் சித்தியடையத் தவறிவிட்டான்.

"எட்டு மாதம் படிச்சவன். வகுப்புக்குக் கட்டின காசு வேறை, பரீட்சைக்குக் கட்டின டொலர் வேறை. இடையிலை பரீட்சையையே மாத்திப் போட்டாங்கள். படிச்சது ஒண்டும் வரேல்லையாம். இந்த அநியாயத்தை நீங்கள் எழுத வேணும்" என்றார்.

எழுதுகின்றேன். ஆனால் அவர் எதிர்பார்த்தபடி அல்ல.

அன்று மாலையே அந்த இளைஞனுடன் பேசினேன். எதை வைத்துப் படித்தாய் என்று கேட்டேன். வகுப்பில் எழுநூறு வினாக்களும் விடைகளும் அடங்கிய கோப்பு ஒன்றைத் தந்தார்களாம். அதை மூன்று முறை மனனம் செய்தானாம். ஒரு சேவையகத்தையாவது நீயாக உருவாக்கிப் பார்த்தாயா, ஒரு தரவுத்தளத்தை அழித்துவிட்டு மீட்டுப் பார்த்தாயா என்று கேட்டேன். இல்லை என்றான். பரீட்சையை நடத்தும் நிறுவனமே இலவசமாக வெளியிட்டுள்ள பரீட்சை வழிகாட்டியை வாசித்தாயா என்று கேட்டேன். சற்று நேரம் மௌனம். "அப்பிடி ஒண்டு இருக்கா அங்கிள்?" என்று கேட்டான்.

எட்டு மாதங்கள் பணம் வாங்கிய வகுப்பில் அப்படியொரு ஆவணம் இருப்பதையே அவனுக்கு எவரும் கூறவில்லை. அநியாயம் நடந்திருக்கின்றது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் நண்பர் சுட்டிக்காட்டிய இடத்தில் அது நடக்கவில்லை. பரீட்சை மாறியது அநியாயம் அல்ல. மாறிவிட்ட பரீட்சைக்கு மாறாத விடைகளை விற்றதுதான் அநியாயம். அவனுடைய பரீட்சையின் பெயரை இங்கே எழுதவில்லை. அமேசன், மைக்ரோசொப்ட், கூகிள் என்று எந்த நிறுவனத்தின் பரீட்சையாக இருந்தாலும் எம்மவரிடையே இதே கதைதான் நிகழ்கின்றது.

முகிற்கணிமை என்றால் என்னவென்று அறியாத வாசகர்களுக்காக ஓரிரு வரிகள். ஒரு வங்கியோ பத்திரிகையோ அரச திணைக்களமோ தனக்கெனக் கணினிகளை வாங்கி அறையொன்றில் அடுக்கி வைக்காமல், பிறர் நடத்தும் பெரும் தரவு நிலையங்களிலிருந்து கணிப்பு வசதியை இணையத்தின் ஊடாக வாடகைக்குப் பெற்றுக்கொள்வதே முகிற்கணிமை. 2006 ஆம் ஆண்டு அமேசன் வெப் சேர்விசஸ் எஸ்3 என்னும் சேமிப்புச் சேவையையும் ஈசி2 என்னும் சேவையக வாடகைச் சேவையையும் தொடங்கியபோதுதான் இது இன்றைய வடிவத்தைப் பெற்றது. இவற்றை அமைக்கவும் காக்கவும் தெரிந்தவர் யார் என்பதை அறிவதற்கென 2013 இல் அந்நிறுவனம் சான்றிதழ்ப் பரீட்சைகளை ஆரம்பித்தது. ஏனைய நிறுவனங்களும் இவ்வகைப் பரீட்சைகளை நடத்துகின்றன. கொழும்பிலும் சென்னையிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் வேலை தேடும் நம் இளைஞர்களுக்கு இன்று இச்சான்றிதழ்கள் ஏறக்குறைய ஒரு கடவுச்சீட்டைப் போன்றவை.

நண்பருடைய கோபத்தில் நியாயம் இல்லையென்று நான் கூறவில்லை. பணக் கணக்கைப் பார்த்தாலே அது விளங்கும். அமேசனின் இடைநிலைப் பரீட்சை ஒன்றுக்குக் கட்டணம் 150 அமெரிக்க டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தபோது அது 30,000 ரூபா. அதே ஆண்டு மே மாதத்தில் டொலர் 360 ரூபாவை எட்டியபோது அதே பரீட்சைக்கு 54,000 ரூபா தேவைப்பட்டது. இரண்டு மாத காலத்தில் பரீட்சார்த்தி எந்தத் தவறும் செய்யாமலே கட்டணம் ஏறத்தாழ இரட்டிப்பாகியது. இன்று ஒரு டொலரை 300 ரூபா என்று வைத்துக் கணக்கிட்டாலும் 45,000 ரூபா. சித்தியடையத் தவறினால் 14 நாட்கள் காத்திருந்து மீண்டும் முழுத் தொகையையும் செலுத்த வேண்டும். சிலிக்கன் பள்ளத்தாக்கில் ஒருவர் சில மணிநேரத்தில் உழைக்கும் தொகை, எமது ஊரில் ஒரு குடும்பத்தின் மாதச் செலவு.

இன்னொன்றையும் கூற வேண்டும். 2019 ஆம் ஆண்டு இலங்கையில் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் புதிய பாடத்திட்டம் அறிமுகமானபோது பழைய பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்காகப் பழைய வினாத்தாளும் அதே ஆண்டில் நடத்தப்பட்டது. அதிலும் குறைபாடுகள் இருந்தன, சர்ச்சைகள் எழுந்தன. ஆயினும் பழையதைப் படித்தவனுக்கு ஓர் இடம் இருக்க வேண்டும் என்று அரசு கருதியது. முகிற்கணிமை நிறுவனங்களிடம் இந்தத் தயை கிடையாது. அமேசனின் 'சொலூசன்ஸ் ஆர்க்கிடெக்ட்' இடைநிலைப் பரீட்சையின் சி02 பதிப்பை எழுதக்கூடிய இறுதி நாள் 2022 ஓகஸ்ட் 29. மறுநாள் சி03 வந்துவிட்டது. அவ்வாண்டு இலங்கையில் எப்படிப்பட்ட ஆண்டு என்பதை வாசகர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. 13 மணிநேர மின்வெட்டுக்கும் எரிபொருள் வரிசைக்கும் இடையில் சி02 பதிப்புக்குப் படித்துக்கொண்டிருந்த எத்தனையோ பேர் அந்த ஒரு நாள் எல்லையில் நின்று தவித்திருப்பார்கள்.

ஆகவே கோபம் வருவது இயல்பு. ஆனால் பரீட்சை ஏன் மாறுகின்றது என்பதையும் நோக்க வேண்டும்.

ஓர் உதாரணம். எஸ்3 சேமிப்பகத்தில் ஏற்கெனவே உள்ள கோப்பு ஒன்றின்மேல் புதிய பதிப்பை எழுதிவிட்டு உடனடியாக வாசித்தால் எது கிடைக்கும்? பல ஆண்டுகளாக இக்கேள்விக்குச் சரியான விடை, "சில வேளைகளில் பழைய பதிப்பே கிடைக்கலாம், புதியது எல்லா இடங்களுக்கும் பரவச் சிறிது நேரம் எடுக்கும்" என்பதாகும். இதைச் சுற்றியே எத்தனையோ வினாக்கள் இருந்தன. 2020 டிசெம்பரில் அமேசன் அந்த அமைப்பையே மாற்றியது. அன்றிலிருந்து எழுதி முடித்த கணமே புதிய பதிப்புத்தான் கிடைக்கும். நேற்றுவரை புள்ளி பெற்றுத் தந்த விடை ஒரே நாளில் பிழையாகியது. நண்பரின் மகன் எனக்கு அனுப்பிய கோப்பைத் திறந்து பார்த்தேன். பழைய விடையே இன்னமும் 'சரி' என்ற அடையாளத்துடன் அங்கே இருந்தது.

மேலும் சில. நல்ல கட்டமைப்பு ஒன்றுக்கான அமேசனின் நெறிமுறைத் தொகுப்புக்கு எத்தனை தூண்கள்? 2021 டிசெம்பர் வரை ஐந்து. சூழல் பேண்தகைமை சேர்க்கப்பட்டதன் பின்னர் ஆறு. எஸ்3 இல் வைக்கப்படும் புதிய கோப்பு தானாகவே மறைகுறியாக்கம் செய்யப்படுமா? 2023 ஜனவரிக்கு முன்னர், நீங்கள் கேட்டுக்கொண்டால் மட்டும். அதன் பின்னர், ஆம், தானாகவே. மைக்ரோசொப்டின் 'அசூர் அக்டிவ் டிரெக்டரி' என்ற அடையாள முகாமைச் சேவைக்கு 2023 இல் 'என்ட்ரா ஐடி' என்று பெயரே மாறிவிட்டது. பழைய பெயரைத் தேடுபவனுக்குத் திரையில் அது அகப்படாது.

இவ்வளவும் மாறிய பின்னரும் பரீட்சை மட்டும் மாறாதிருந்தால் என்ன நடக்கும்? பொய்யான விடையை எழுதியவனுக்குச் சான்றிதழும், உண்மையை அறிந்தவனுக்குத் தோல்வியும் கிடைக்கும். மாறும் பொருளை அளக்கும் கோல் மாறித்தான் ஆக வேண்டும். ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில் நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தேன். பின்னர் ஒளியச்சு வந்தது, அதன் பின்னர் பாமினி எழுத்துரு வந்தது, பின்னர் யுனிகோட் வந்தது. ஒவ்வொரு முறையும் எந்தப் பெட்டியில் எந்த எழுத்து இருக்கின்றது, எந்த விசையில் எந்த எழுத்து வரும் என்பதை மட்டும் அறிந்திருந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். பக்கம் ஒன்று எப்படி அமைய வேண்டும், தமிழ் எப்படி எழுதப்பட வேண்டும் என்று அறிந்திருந்தவர்கள் கருவியை மாற்றிக்கொண்டு தொழிலில் நின்றார்கள். இது எங்கள் அச்சுக்கூடத்துக்கு மட்டும் உரிய கதை அல்ல.

இந்த எளிய உண்மை எம்மவருக்கு ஏன் புலப்படுவதில்லை? காரணம் எங்கள் வீட்டிலேயே இருக்கின்றது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையிலிருந்தே கடந்தகால வினாத்தாள்களை வைத்துக்கொண்டு பிள்ளையை வளர்க்கின்றோம். கடந்த பத்தாண்டு வினாக்களைத் திரும்பத் திரும்பச் செய்தால் பதினோராவது ஆண்டு வினா பிடிபட்டுவிடும் என்பது எமது கல்விச் சூதாட்டத்தின் அடிப்படை விதி. எங்கள் தனியார் கல்வி நிலையங்களின் சுவர்களில் ஒட்டப்படும் விளம்பரங்களைப் பாருங்கள். 'எதிர்பார்க்கை வினாக்கள்', 'இறுதிநேரக் கருத்தரங்கு', '100 வீதம் சித்தி'. பாடத்திட்டம் பல ஆண்டுகளுக்கு ஒரு முறையே மாறுகின்ற பரீட்சைகளில் இச்சூதாட்டம் ஓரளவு பலித்தும் விடுகின்றது. பலித்துப் பழகிய அதே கையை முகிற்கணிமைப் பரீட்சையிலும் நீட்டுகின்றோம். அங்கே அது சுடுகின்றது.

'டம்ப்ஸ்' என்று இவர்கள் அழைக்கும் வினாத்தொகுப்புகள் எங்கிருந்து வருகின்றன? பரீட்சை எழுதியவர்கள் நினைவில் வைத்திருந்து வெளியே வந்து எழுதிக் கொடுத்தவை அவை. வினாக்களை வெளியிடமாட்டேன் என்று ஒவ்வொரு பரீட்சார்த்தியும் ஒப்புக்கொண்ட பின்னரே பரீட்சைக்கு அமர்கின்றார். அந்த வாக்கை மீறியவரிடமிருந்து பெறப்பட்ட திருட்டுப் பொருள்தான் எம் பிள்ளைகளுக்குப் 'பாடக்குறிப்பு' என்ற பெயரில் விற்கப்படுகின்றது. கண்டறியப்பட்டால் சான்றிதழ் இரத்தாகும், மறுபடி எழுதத் தடையும் வரலாம். விற்றவருக்கு எதுவும் நேராது. மேலும், யாரோ ஒருவரின் நினைவிலிருந்து எழுதப்பட்ட வினாவுக்கு யாரோ ஒருவர் ஊகித்து இட்ட விடைக்கு உத்தரவாதம் என்ன? பிழையான விடையைச் சரியென நம்பி மூன்று முறை மனனம் செய்தவனைத் திருத்துவது, ஒன்றும் படிக்காதவனுக்குக் கற்பிப்பதிலும் கடினமானது.

"சான்றிதழ் கிடைத்தால் வேலை கிடைக்கின்றதே, பிறகு என்ன?" என்று கேட்பவர்கள் உள்ளனர். தொழில் கொடுப்பவர்களில் சிலரும் இதையே விரும்புகின்றனர் என்பதை மறுப்பதற்கில்லை. பெரும் முகில் நிறுவனங்களின் பங்காளியாக உயர்தரநிலை பெற விரும்பும் கம்பனி, குறிப்பிட்ட எண்ணிக்கையிலான சான்றிதழ் பெற்ற ஊழியர்களைக் காட்ட வேண்டும். எண்ணிக்கை குறைந்தால், "இந்தக் காலாண்டுக்குள் எப்படியாவது எழுதி முடி" என்று ஊழியருக்கு உத்தரவு போகின்றது. எப்படியாவது என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பது இருவருக்கும் தெரியும்.

இதன் விலையை யார் செலுத்துகின்றார்கள் என்பதை இரண்டு சம்பவங்களைக் கொண்டு கூறுகின்றேன்.

2019 இல் அமெரிக்காவின் கப்பிட்டல் வண் வங்கியின் தரவுகள் களவாடப்பட்டன. அமெரிக்காவில் ஏறத்தாழ 10 கோடிப் பேரும் கனடாவில் ஏறத்தாழ 60 இலட்சம் பேரும் பாதிக்கப்பட்டனர். தவறாக அமைக்கப்பட்ட தீச்சுவர் ஒன்றின் வழியாக உள்நுழைந்தவர், தேவைக்கு மேற்பட்ட அனுமதிகள் வழங்கப்பட்டிருந்த ஒரு பணிநிலையைப் பயன்படுத்திச் சேமிப்பகத்தை வாசித்தார். 2020 இல் அவ்வங்கிக்கு 8 கோடி டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. தேவையான அளவுக்கு மட்டுமே அனுமதி வழங்கு என்பது இப்பரீட்சைகள் எல்லாவற்றினதும் அரிச்சுவடி.

இரண்டாவது சம்பவம் எமது நாட்டில் நிகழ்ந்தது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் 'லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்' என்னும் அரச முகில் மீது கப்பம் கோரும் தீநிரல் தாக்குதல் நடத்தப்பட்டது. அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் மீட்க முடியாதவாறு அழிந்தன. அந்த நூறு நாட்களுக்குக் காப்புப்பிரதி இருக்கவில்லை. பயன்படுத்தப்பட்ட மின்னஞ்சல் மென்பொருளோ மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான நிறுவன ஆதரவு அதே ஆண்டு ஏப்ரலிலேயே முடிந்திருந்தது.

அங்கு பணிபுரிந்தவர்களின் சான்றிதழ்களைப் பற்றி நான் எதுவும் கூறவில்லை. புதிய பதிப்புக்கு மாறுவதற்கு நிதி இல்லாமை உள்ளிட்ட வேறு தடைகளும் இருந்தன. நான் கூறவருவது வேறு. 'தரவு இழப்பு நேர்ந்தால் எவ்வளவு நேரத்துத் தரவை இழக்க உங்கள் நிறுவனம் தயாராக உள்ளது? அதற்கேற்பக் காப்புப்பிரதியை எவ்வாறு அமைப்பீர்கள்?' என்பது முகிற்கணிமைப் பரீட்சைகளில் வெவ்வேறு வடிவங்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் வினா. இதற்கு விடை 'ஆ' என்று மனனம் செய்தவனுக்குப் புள்ளி கிடைக்கும். நாளை அவன் ஒரு வைத்தியசாலையின் நோயாளர் பதிவேட்டுக்கோ, ஒரு பல்கலைக்கழகத்தின் பரீட்சைப் பெறுபேறுகளுக்கோ பொறுப்பாக அமர்த்தப்படுவான். அன்று தொலைவது அவனுடைய 45,000 ரூபா அல்ல.

இனி, குறைகூறுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், மாறும் பரீட்சைக்கு எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பதையும் கூறுவதே நேர்மை. இத்துறையில் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் சிலரிடம் கேட்டும், ஆவணங்களை நானே வாசித்தும் அறிந்துகொண்டவை இவை.

முதலாவது, பரீட்சையின் பெயரைப் பார்க்காதீர்கள், அதன் இலக்கத்தைப் பாருங்கள். 'சொலூசன்ஸ் ஆர்க்கிடெக்ட்' என்ற பெயர் மாறாமலே 2018 இல் சி01, 2020 இல் சி02, 2022 இல் சி03 என்று மூன்று பரீட்சைகள் வந்தன. சில வேளைகளில் பெயரும் மாறும். அமேசனின் 'சிஸ்ஒப்ஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' பரீட்சை 2025 செப்டெம்பர் 29 உடன் முடிவுற்று, மறுநாள் 'கிளவுட்ஒப்ஸ் என்ஜினியர்' என்ற பெயரில் வந்தது. சில பரீட்சைகள் மாற்றீடின்றியே மறையும். தரவுத்தளத்துக்கான சிறப்புச் சான்றிதழ்ப் பரீட்சை 2024 ஏப்ரலுடன் நிறுத்தப்பட்டது. ஆகவே வகுப்பில் சேர முன்னரும், பணம் கட்ட முன்னரும், பரீட்சைத் திகதியைப் பதிவு செய்ய முன்னரும் நடத்தும் நிறுவனத்தின் இணையப் பக்கத்தை மூன்று தடவைகள் பாருங்கள். ஐந்து நிமிட வேலை அது.

இரண்டாவது, வழிகாட்டியை வாசியுங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் எத்தனை வீதம் புள்ளி, எந்தெந்தச் சேவைகள் பரீட்சைக்குள் வரும், எவை வரமாட்டா என்று அதிலே தெளிவாக எழுதப்பட்டுள்ளது. பழைய வழிகாட்டியையும் புதியதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சி02 பதிப்பில் பாதுகாப்புக்கு 24 வீதம், மீள்தாங்குதிறனுக்கு 30 வீதம். சி03 இல் பாதுகாப்பு 30 வீதமாகி முதலிடத்துக்கு வந்தது, மீள்தாங்குதிறன் 26 வீதமாகியது. செலவுச் சிக்கனம் 18 இலிருந்து 20 ஆக உயர்ந்தது. எட்டு மாதங்களில் எந்த மாதத்தை எதற்கு ஒதுக்க வேண்டும் என்பதை இந்த நான்கைந்து இலக்கங்களே சொல்லிவிடுகின்றன. பழையதைப் படித்தவனுடைய உழைப்பு முழுவதும் வீண் என்பதும் உண்மையல்ல. பிரிவுகள் பெரும்பாலும் அவையே. நிறைதான் மாறியது, சில சேவைகள் புதிதாய் வந்தன. அடிப்படையை அறிந்தவனுக்கு அது சில வார வேலை. விடைகளை மட்டும் அறிந்தவனுக்கோ முதலிலிருந்து தொடங்கும் வேலை.

மூன்றாவது, கையால் செய்யுங்கள். ஒரு சேமிப்பகத்தை உருவாக்கிப் பழைய பதிப்புகளைப் பேணும் வசதியை இயக்குங்கள். கோப்பு ஒன்றை வேண்டுமென்றே அழியுங்கள். பின்னர் அதை மீட்டெடுங்கள். ஒரு தரவுத்தளத்தின் காப்புப்பிரதியிலிருந்து புதிய தரவுத்தளம் ஒன்றை எழுப்புங்கள், எவ்வளவு நேரம் எடுத்தது என்று குறித்து வையுங்கள். ஒரு பயனருக்கு வாசிக்கும் அனுமதி மட்டும் வழங்கி, அவரால் அழிக்க முடிகின்றதா என்று சோதியுங்கள். இவற்றைச் செய்தவனுக்கு வினாவின் சொற்கள் மாறினாலும் விடை தெரியும். 'மிகக் குறைந்த செலவில்', 'மிகக் குறைந்த பராமரிப்புச் சுமையுடன்' என்ற ஒரு சொற்றொடர் மாறும்போது சரியான விடை ஏன் மாறுகின்றது என்பதும் அவனுக்கே விளங்கும். இதிலும் பழைய குறிப்புகளை நம்பாதீர்கள். அமேசனில் புதிய கணக்குக்கு 12 மாதங்கள் இலவசம் என்று யூரியூப் காணொளிகள் பல இன்னமும் கூறிக்கொண்டிருக்கின்றன. 2025 ஜூலை 15 முதல் அம்முறை மாறிவிட்டது. புதியவர்களுக்கு 200 டொலர் வரையிலான வரவுத்தொகையும், ஆறு மாதங்கள் அல்லது அத்தொகை தீரும்வரை, எது முதலில் வருகின்றதோ அதுவரை இலவசத் திட்டமும் என்பதே அந்தப் புதிய ஏற்பாடு. படிக்கத் தொடங்கும் நாளில் கணக்கைத் திறந்துவிட்டு ஆறு மாதங்கள் தூங்கினால் வாய்ப்பு போய்விடும்.

நான்காவது, உங்களுக்கு உரியதைக் கேட்டுப் பெறுங்கள். இப்பரீட்சைகள் தமிழில் இல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டிராதவர்கள் ஆங்கிலத்தில் பரீட்சை எழுதும்போது 30 நிமிடங்கள் மேலதிகமாக வழங்கும் ஏற்பாடு அமேசனிடம் உண்டு. ஆனால் பரீட்சைத் திகதியைப் பதிவு செய்ய முன்னரே அதைக் கோர வேண்டும். 65 வினாக்களுக்கு 130 நிமிடங்கள் என்ற பரீட்சையில் 30 நிமிடம் என்பது சிறிய உதவி அல்ல. நண்பரின் மகனுக்கு இதையும் எவரும் கூறியிருக்கவில்லை.

ஐந்தாவது, சான்றிதழ் கிடைத்ததும் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். அமேசனின் சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். மைக்ரோசொப்டின் பணிசார் சான்றிதழ்கள் ஓராண்டுக்கே செல்லுபடியாகும். காலாவதியாகும் முன்னர் இணையத்திலேயே இலவசமாகப் புதுப்பிக்கலாம். 2023 முதல் மைக்ரோசொப்ட், பணிசார் பரீட்சைகள் நடக்கும்போதே தன் கற்றல் தளத்தைத் திறந்து பார்க்கவும் அனுமதிக்கின்றது. கடிகாரம் மட்டும் நிற்காது. பரீட்சை நடத்துபவரே புத்தகத்தைத் திறந்து பார் என்று சொல்லும் காலத்தில், மனனம் செய்வதற்கென வகுப்பு நடத்துவது வேடிக்கையல்லவா?

நிறுவனங்களையும் நான் விட்டுவிடுவதாக இல்லை. அமேசன் 2021 இல் சிஸ்ஒப்ஸ் பரீட்சையில் செய்முறைப் பகுதி ஒன்றைச் சேர்த்தது. பரீட்சார்த்தி உண்மையான கணக்கு ஒன்றில் உண்மையான வேலையைச் செய்து காட்ட வேண்டும். மனனத்தால் வெல்ல முடியாத பகுதி அது ஒன்றே. 2023 மார்ச்சில் அதை அகற்றிவிட்டார்கள். டம்ப்ஸ் விற்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பரிசு வேறு எதுவும் இருக்க முடியாது. கட்டணத்தில் நாட்டுக்கு நாடு வேறுபாடு காட்டுவது இயலாத காரியம் அல்ல என்பதை மைக்ரோசொப்ட் செய்து காட்டுகின்றது. மற்றவர்கள் ஏன் தயங்குகின்றனர்? செய்முறைப் பகுதியைத் திரும்பக் கொண்டுவருவதும், வறிய நாடுகளின் இளைஞருக்குக் கட்டணத்தைக் குறைப்பதும், பழைய பதிப்புக்குப் படித்தவனுக்குச் சில மாதமேனும் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும் வாய்ப்பு அளிப்பதும் அவர்கள் செய்ய வேண்டியவை. நண்பர் கேட்டுக்கொண்ட கண்டனம் இதுதான் என்றால், எழுதிவிட்டேன்.

வகுப்பு நடத்துபவர்களிடம் கேட்பது ஒன்றேயொன்று. உங்கள் விளம்பரத்தில் '100 வீதம் சித்தி' என்று எழுதும் இடத்தில், எந்த இலக்கப் பரீட்சைக்குக் கற்பிக்கின்றீர்கள், உங்கள் பாடக்குறிப்பு இறுதியாக எந்த மாதத்தில் திருத்தப்பட்டது என்ற இரண்டு விவரங்களை எழுதுங்கள். எழுத மறுக்கும் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள் என்று பெற்றோரிடமும் கேட்டுக்கொள்கின்றேன். தொழில் கொடுப்போரே, சான்றிதழ் இலக்கத்தைச் சரிபார்த்துவிட்டு அனுப்பிவிடாதீர்கள். ஒரு மணிநேரம் கணினி ஒன்றைக் கொடுத்து, அழிந்த கோப்பு ஒன்றை மீட்டுத் தரச் சொல்லுங்கள்.

நண்பருக்கு இதையெல்லாம் கூறியபோது, "அப்ப நீங்களும் கம்பனிப் பக்கம்தான்" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்துவிட்டார். அவர் கோபம் ஆற இரண்டு மாதமாவது ஆகும். எனக்குப் பழக்கமான விடயம்தான்.

மகன் மட்டும் இரண்டு நாட்களின் பின்னர் அழைத்தான். வழிகாட்டியைப் பதிவிறக்கிக் கொண்டானாம். சேமிப்பகம் ஒன்றை உருவாக்கி, தன் பாடசாலைக் காலப் புகைப்படங்களை அதிலே இட்டு, அழித்து, திரும்ப எடுத்துப் பார்த்தானாம். "முதல் தரம் திரும்ப வரேல்லை அங்கிள். பதிப்புப் பேணும் வசதியை அழிச்ச பிறகுதான் போட்டிருக்கிறன்" என்றான்.

நல்லவேளை, புகைப்படங்களின் பிரதி அவன் மடிக்கணினியில் இருந்தது. அரச முகிலின் அந்த நூறு நாள் மின்னஞ்சல்களுக்கு அப்படியொரு பிரதி எங்கும் இருக்கவில்லை. அடுத்த பரீட்சைக்கு அவன் இன்னும் திகதி குறிக்கவில்லை. அவசரப்பட வேண்டாம் என்று நானும் கூறியிருக்கின்றேன்.